பொம்பெய்க்குப் போகிறவர் கேட்டார்: கைடு வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நேப்பிள்ஸில் இரண்டு நாள் தங்குகிறீர்கள். அதில் ஒரு நாள், எரிமலைச் சாம்பலில் மூடிப்போன பழைய ரோமானிய ஊரான பொம்பெய்க்கு. 68 வயது அம்மாவும் 11 வயது மகனும் கூட வருகிறார்கள். கைடு வைத்துக்கொள்வதா, போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொண்டு நீங்களாகவே சுற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முன்பு ஒரு பயணத்தில் ரோமில் ஃபோரத்தை, அதாவது பழைய நகரின் மையச் சதுக்கத்தை, ஒரு கைடோடு மூன்று மணி நேரம் சுற்றியும் "எல்லாம் உடைந்த தூணாகத்தான் தெரிந்தது, ராத்திரி அறைக்கு வந்தபோது ஒன்றும் மனதில் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கேள்வி கைடுக்குக் கொடுக்கும் காசைப் பற்றி மட்டும் இல்லை. இடிந்த ஊரை எப்படிப் பார்த்தால் அது நமக்கு ஏதாவது சொல்லும் என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தொல்லியல் படித்தேன். சில ஆண்டுகள் அகழாய்வுக் குழிகளில் பானை ஓடு எண்ணிக்கொண்டும் சுவர்களை அளந்து வரைந்துகொண்டும் இருந்தேன். அப்புறம் பதினைந்து ஆண்டுகளாகச் சிறு சிறு குழுக்களை இத்தாலிக்கு அழைத்துப் போய் வருகிறேன். அங்கே இப்படிப்பட்ட இடங்களில் நின்று விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும். எனக்கு அது கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் உள்ளூர் கைடு ஒருவரை அமர்த்தி, நானும் குழுவோடு பின்னால் நடப்பேன். ஒரே தெருவைப் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டடம், தெரு, மண் அடுக்கு என்றால் நான் சொல்வதை நம்பலாம். லத்தீன் எழுத்துகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அதைப் படித்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

சரி, பதில். கைடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும், காலையில் முதல் ஆளாக. அதற்குப் பிறகு நீங்களாகச் சுற்றுங்கள். ரோமில் உங்களுக்கு நடந்ததைப் பொம்பெய்யோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபோரம் என்பது ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டி, இடித்து, மேலே கட்டி, பின்னால் வந்தவர்கள் பளிங்கை உரித்துக்கொண்டு போன இடம். தரைப்படம் மனதில் இல்லாதவர்களுக்கு அது உடைந்த தூணாகத்தான் தெரியும், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. பொம்பெய் அப்படி அல்ல. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மூடிப்போன, மதிலுக்குள் சுமார் 66 ஹெக்டேர் ஊர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. தோண்டிய இடத்தில் தெரு தெருவாக இருக்கிறது, கடை கடையாக இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஃபோரத்தைவிட இது எளிதில் பிடிபடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வாசற்படியைக் காட்டுகிறேன். பொம்பெய்யின் பெரிய கடைத்தெருவுக்கு இப்போது வியா தெல் அபொந்தான்ஸா என்று பெயர். அதில் நடக்கும்போது பெரும்பாலானவர்கள் தலை நிமிர்ந்து நடப்பார்கள், ஏதாவது ஓவியம் தெரியுமா என்று. நான் கூடப் போன கைடுகளில் மிக நல்லவர் ஓர் அம்மையார். அவர் எங்களைத் தரையைப் பார்க்கச் சொன்னார். ஒரு கடை வாசலில் குந்தி உட்கார்ந்து வாசற்கல்லில் விரலை வைத்தார். கல்லின் நீளத்துக்கு ஒரு பள்ளக்கோடு வெட்டியிருந்தது. அது ஒரு முனையில் நின்றுவிட, அங்கே கதவு சுழல்வதற்கான குழி இருந்தது. "இது என்ன, சொல்லுங்கள்" என்றார். எங்கள் குழுவில் கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் உடனே சொன்னார்: "பலகை போட்டுக் கடை அடைக்கிறது." அவருடைய அப்பாவின் மளிகைக்கடை அப்படித்தான் அடைக்கப்படுமாம். பலகைகளை எண் வரிசைப்படி பள்ளத்தில் ஒவ்வொன்றாக நகர்த்தி, கடைசியில் ஒற்றைக் கதவைச் சாத்திப் பூட்டுவார்கள். பொம்பெய்யிலும் அதேதான். மரம் மக்கிப்போய்ச் சாம்பலில் விட்டுச் சென்ற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த பலகைக் கதவே அந்தத் தெருவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் ஒரு வாசலையும் விடவில்லை. பள்ளம் இருந்தால் கடை, இரண்டு பக்கமும் குழி மட்டும் இருந்தால் வீடு என்று அவரே பிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். கைடுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். கதை ஆயிரம் இடத்தில் கிடைக்கும். எங்கே குனிய வேண்டும் என்று காட்ட ஆள் வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு இன்னும் நிறைய இருக்கிறது. பல வீடுகளின் வெளிச்சுவரை ஒட்டித் திண்ணை கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கத்தான் அது என்று சில கைடுகள் அடித்துச் சொல்வார்கள். மதுக்கடைக்கு வெளியிலும் திண்ணை இருக்கிறது, ஆகவே போகிறவர் வருகிறவர் உட்காரவும் அது பயன்பட்டிருக்கும் என்பது வேறு சிலர் வாதம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. வீட்டுக்குள் போனால் நடுவே திறந்த கூரை, அதன் கீழே மழைநீர் விழும் ஆழமில்லாத தொட்டி, அங்கிருந்து தரைக்கடியில் இருக்கும் நீர்த்தொட்டிக்கு வழி. பக்கத்தில் இறைக்கும் வாய். அந்தப் பளிங்கு வாயின் உள் விளிம்பைத் தடவிப் பார்க்க முடிந்தால் தெரியும், கயிறு அறுத்து அறுத்து வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நம் ஊர் முற்றமும் கிணறும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று ஆகாது. வெயிலும் மழையும் கொடுக்கிற சிக்கலுக்கு மனிதர்கள் ஒரே மாதிரி விடை கண்டுபிடிப்பது உண்டு. "செட்டிநாட்டு வீடு ரோமிலிருந்து வந்தது" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

மகனுக்குத் தெருவே போதும். மழைத் தண்ணீரும் வழிந்தோடும் கழிவுநீரும் போகும்படி தெருவைத் தாழ்த்தி, நடைபாதையை உயர்த்தி, கடந்து போவதற்கு நடுவில் பெரிய பெரிய கற்களை நட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரம் போன தடம் எரிமலைப் பாறையிலேயே ஆழமாகப் பதிந்திருக்கிறது. இடைவெளியைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள், வண்டியின் அகலம் அவனுக்கே கிடைத்துவிடும். தெருமுனைக் குடிநீர்த் தொட்டிகளில் குழாய் இருக்கும் கல்லுக்கு இரண்டு பக்கமும் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும். குனிந்து தண்ணீர் குடித்தவர்கள் கையூன்றிய இடம் அது. அவன் கையையும் அங்கே வைத்துப் பார்க்கட்டும்.

சுவர்களைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், என் தொழில் அது. பொம்பெய்யில் ஒரு சுவர் முழுக்க ஒரே காலத்தில் கட்டப்பட்டிருப்பது குறைவு. பெரிய பெரிய சுண்ணாம்புக்கல் பாளங்களை அடுக்கியிருந்தால் பழைய காலத்துக் கை. பக்கத்தில் சாம்பல் நிறக் கல்லைச் சீராகச் செதுக்கி வைத்திருந்தால் அது ரோமானியக் குடியேற்றத்துக்கு முந்தைய வசதியான காலம். ரோமானியத் தளபதி சுல்லா கி.மு. 80இல் ஊரை ரோமானியக் குடியேற்றம் ஆக்கினார், அதற்கு முன்பு இங்கே ஆஸ்கன் என்ற பழைய இத்தாலிய மொழிதான் வழங்கியது. அதற்குப் பிறகு சின்னக் கற்களைச் சாய்சதுரமாக வலைப்பின்னல்போல் பதிக்கும் முறை வருகிறது. கடைசியாக, மூலைகளிலும் விரிசல்களிலும் செங்கல் ஒட்டு. அந்த ஒட்டுகளில் பல, எரிமலைக்கு முன்னால் 62ஆம் ஆண்டை ஒட்டி வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு செய்த பழுதுபார்ப்பு. ஆக, ஊர் "வாழ்ந்துகொண்டிருந்தபோதே உறைந்தது" என்று சொல்வது பாதி உண்மைதான். பாதி ஊர் சாரம் கட்டிக்கிடந்தபோது மூடிப்போனது. இந்தக் கல் வரிசையை வைத்தே ஆண்டு சொல்லிவிட முடியுமா என்றால் முடியாது. அறுவைச் சிகிச்சைக் கருவிகள் கிடைத்ததால் "மருத்துவர் வீடு" என்று பெயர் பெற்ற வீட்டை, அதன் பெரிய பாளங்களைப் பார்த்து கி.மு. 4ஆம் நூற்றாண்டு என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். தரைக்குக் கீழே தோண்டிப் பார்த்தபோது கி.மு. 200ஐ ஒட்டித்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கூரைகளும் மேல்சுவர்களும் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு வேலை. 1943இல் நேச நாட்டு விமானங்கள் இங்கே குண்டு போட்டன, அந்தச் சேதத்தைக் கட்டியெழுப்பியதும் இதில் கலந்திருக்கிறது. எது பழசு, எது புதுசு என்று கேட்டால் நல்ல கைடு முகம் மலர்ந்து காட்டுவார்.

இனி, கைடு சொல்வதில் எதை நம்புவது? காசு பேசி முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எரிமலை வெடித்தது எந்த மாதம்? "ஆகஸ்ட் 24" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அவர் பழைய பாடத்தையே ஒப்பிக்கிறார். அந்தத் தேதி, அப்போது 17 வயது இளைஞராக வளைகுடாவின் மறுகரையில் இருந்து பார்த்த இளைய பிளினி பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. ஆனால் நம் கைக்கு வந்திருப்பவை கையால் பார்த்து எழுதிய படிகள். தேதி ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் போகும்போது மாறியிருக்கலாம். மண்ணுக்குள் இலையுதிர்காலப் பழங்களும் முத்திரையிட்டு மூடிய திராட்சை மதுவும் கிடைத்திருக்கின்றன. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய எழுத்து வெளிப்பட்டது, அதில் அக்டோபர் 17க்கு இணையான நாள் இருக்கிறது. கரி எழுத்து நெடுநாள் தங்காது, ஆகவே வெடிப்பு அக்டோபர் கடைசியில்தான் என்கிறார்கள் ஒரு சாரார். ஆண்டு எழுதவில்லையே, முந்தைய ஆண்டாக இருந்தால் என்ன என்கிறார்கள் மறு சாரார். ஆண்டு 79 என்பதில் சண்டை இல்லை, மாதத்தில்தான் சண்டை. இதை இரண்டு பக்கமும் சொல்கிற கைடு கிடைத்தால் மறுபேச்சில்லாமல் அமர்த்திக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டர் உருவங்களுக்கு முன்னால் நிற்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அவை கல்லான மனிதர்கள் அல்ல. முதலில் பல மணி நேரம் நுரைக்கல் மழையாகக் கொட்டியது, கூரைகள் சரிந்தன. பலர் அந்த நேரத்தில் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். பிறகுதான் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் வெள்ளம்போல் வந்தன. அதில் இறந்தவர்களைச் சுற்றிச் சாம்பல் இறுகியது, உடல் அழிந்து உள்ளே வெற்றிடம் ஆனது. 1863இல் இங்கே அகழாய்வை நடத்திய ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களில் பிளாஸ்டர் ஊற்றி உருவங்களை எடுத்தார். உள்ளே எலும்புகள் இன்னும் இருக்கின்றன, அதனால் அவர்கள் முன் நாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை, சேர்ந்து நின்று படம் எடுப்பதும் இல்லை. இவர்களைப் பற்றிய கதைகளில்தான் மிகப் பெரிய தப்பு நடந்திருக்கிறது. தங்கக் காப்பு அணிந்து மடியில் குழந்தையோடு இறந்தவர் தாய் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னோம். நானும் என் குழுக்களிடம் சொல்லியிருக்கிறேன். 2024இல் எலும்பிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தபோது அவர் ஓர் ஆண், அந்தக் குழந்தைக்கு இரத்த உறவே இல்லை என்று தெரிந்தது. கட்டிக்கொண்டு இறந்த "சகோதரிகள்" என்ற இருவரில் ஒருவரும் ஆண். ஊர் முடியும் நேரத்தில் உறவில்லாத ஒரு குழந்தையை ஒருவர் அணைத்திருந்தார் என்பது, நாங்கள் சொல்லிவந்த கதையைவிட என்னை அதிகம் உலுக்கியது. "அம்மா, பிள்ளை" என்று கைடு இன்றும் சொன்னால் திருத்த வேண்டாம், ஆனால் மகனிடம் பிறகு சொல்லிவிடுங்கள்.

இதுபோல இன்னும் சில. கல் மேடையில் பெரிய ஜாடிகளைப் பதித்த கடைகளைக் காட்டி, சூடான குழம்பை அதில் ஊற்றி வைத்து விற்றார்கள் என்பார்கள். அந்த ஜாடிகள் மெருகில்லாத மண் ஜாடிகள், மேடையிலிருந்து கழற்றவும் முடியாது. குழம்பை ஊற்றினால் எப்படிக் கழுவுவது? அதே வெடிப்பில் மூடிப்போன பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் இப்படி ஒரு ஜாடிக்குள் கொட்டைப் பருப்புகள் கிடைத்தன, ஆகவே உலர்ந்த பண்டம்தான் அதிகம் இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2020இல் தோண்டி முடித்த ஒரு கடையின் ஜாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் இருந்தது. அதனால் இது இன்னும் முடியாத பேச்சு. தெருக்கல்லில் ஆண்குறி வடிவம் செதுக்கியிருப்பதைக் காட்டி "விலைமாதர் விடுதிக்கு வழி" என்று சிரிப்பார்கள். ரோமானியர்கள் அதைக் கண்ணேறு கழிக்கும் அடையாளமாக அடுப்பங்கரையிலும் கடை வாசலிலும் குழந்தையின் கழுத்திலும்கூட வைத்தார்கள் என்பது உறுதியான செய்தி. நம் வாசலில் கட்டும் திருஷ்டிப் பொம்மையை நினைத்துக்கொண்டால் போதும். நடைபாதை ஓரக்கல்லில் துளைகள் இருக்கும், கழுதை கட்ட என்பார் ஒருவர், பந்தல் கயிறு கட்ட என்பார் இன்னொருவர். இரண்டுமே நடந்திருக்கலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். நேப்பிள்ஸ் கரிபால்டியிலிருந்து சொர்ரெண்டோ போகும் சிர்கும்வெசுவியானா ரயிலில் ஏறி "பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி" நிலையத்தில் இறங்குங்கள். பொம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, அங்கே இறங்கினால் நடை கூடும். இறங்கியதும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். கழுத்தில் உரிமம் தொங்காதவரோடு பேச்சே வேண்டாம். ஒரு முறை அவசரத்தில் அப்படி ஒருவரை நம்பி, நாற்பது பேர் கும்பலில் சிக்கி, ஒன்றும் காதில் விழாமல் வெளியே வந்தோம், அன்று என் குழுவிலிருந்த வயதானவர்கள் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. நீங்கள் மூன்று பேர்தான், முன்கூட்டியே தனிக் கைடு பேசிக்கொள்ளுங்கள், அல்லது இன்னொரு குடும்பத்தோடு சேருங்கள். 2024 நவம்பரிலிருந்து டிக்கெட்டில் பெயர் போடுகிறார்கள், ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள், ஆகவே டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டு அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள். பெரிய பை உள்ளே விடமாட்டார்கள். நிழல் மிகக் குறைவு. குடிநீர்க் குழாய்கள் உள்ளேயே இருக்கின்றன, பாட்டில் ஒன்று போதும்.

அம்மாவின் முழங்கால்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். போர்த்தா மரீனா வாசல் நல்ல ஏற்றம், பழைய பாறை பாவிய வழி, வழுக்கும். ஆம்பித்தியேட்டர் பக்கத்து வாசலிலிருந்து சக்கர நாற்காலியும் போகும்படி 3 கிலோமீட்டருக்கு மேல் சமன் செய்த பாதை போட்டிருக்கிறார்கள். கைடிடம் அந்த வழியாகவே கூட்டிப்போகச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், அடி தடித்த ஷூ போடட்டும். இரண்டு மணி நேர நடையே அதிகம் என்று தோன்றினால், பொம்பெய்யை விட்டுவிட்டு அதே ரயில் பாதையில் முன்னாலேயே வரும் எர்கொலானோவில் இறங்கி ஹெர்குலேனியத்தைப் பாருங்கள். சின்ன ஊர், ஆனால் மாடிகளும் கரிந்த மரக்கதவுகளும் அப்படியே நிற்கின்றன. அதைத் தேர்ந்தெடுத்தால் எதையும் இழந்ததாக நினைக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பொம்பெய்யில் கிடைத்த நல்ல பொருள்களில் பெரும்பகுதி அங்கேதான். எட்டுத் துண்டாகக் கோடு கிழித்துச் சுட்டு, அடுப்பிலேயே கரியாகிப்போன வட்ட ரொட்டியை உங்கள் மகன் மறக்கமாட்டான். ஒரே அடுமனையின் அடுப்பில் அப்படி 81 ரொட்டிகள் இருந்தன. அப்புறம், "பொம்பெய் லட்சுமி" என்று சொல்லப்படும் தந்தச் சிற்பம். ஒரு சாண் உயரம். 1938இல் பொம்பெய்யின் அந்தப் பெரிய கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் கிடைத்தது. இந்தியாவிலிருந்து போனது என்பது உறுதி. லட்சுமி என்பது உறுதியில்லை, யட்சி என்று சொல்பவர்களே இன்று அதிகம், மகாராஷ்டிரத்தின் போகர்தனில் கிடைத்த தந்தச் சிற்பம் இதற்கு மிக நெருக்கம். தலையில் துளை இருப்பதால் கண்ணாடியின் கைப்பிடியா, மேசையின் காலா என்றும் பேச்சு நடக்கிறது. ஆக, இதைத் தமிழகத்தோடு முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. நம் பக்கத்துத் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. வெடிப்பின்போது மக்களை மீட்கக் கப்பல்களோடு போய் பக்கத்து ஊரான ஸ்தாபியேயின் கரையில் இறந்த மூத்த பிளினி (இளைய பிளினியின் மாமா), தான் எழுதிய இயற்கை வரலாற்றில் முசிறித் துறையையும் பாண்டிய அரசனையும் மதுரையையும் குறிப்பிடுகிறார், ஒரு இறாத்தல் மிளகு நான்கு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலையும் எழுதுகிறார். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு இந்தக் கரையிலிருந்து சொல்கிறது. வெசுவியஸைப் பார்க்கும்போது இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்தத் தந்தச் சிற்பம் வழக்கமாக "ரகசிய அறை" என்ற பகுதியில் இருக்கும். அங்கே பாலியல் சித்திரங்கள் நிறைய உண்டு, மகனை அழைத்துப் போவதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சில சமயம் வெளியூர்க் கண்காட்சிகளுக்கும் அனுப்பிவிடுவார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதனால் பொம்பெய்க்கு எந்த நாள் என்பதை அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.